எம்.பி. தொகுதி நிதி: வீண் என்று பேசுவதும் அவர்களே, கூட்டிக் கேட்பதும் அவர்களே. எப்படி?

தொகுதி மேம்பாட்டு நிதியை வீண் செலவு என்று பேசும் கட்சிகள் ஆட்சிக்கு வந்ததும் அதை ஏன் கூட்டுகின்றன? எம்.பி. "முழுசாகச் செலவழித்தேன்" என்கிறார், எதிர்த்து நிற்பவர் "பாதிகூடச் செலவழிக்கவில்லை" என்கிறார், இதில் யார் சொல்வது பொய்? இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். பின்னதிலிருந்து தொடங்கினால்தான் முன்னது புரியும்.

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இந்தத் திட்டத்தின் வசதியே அதில்தான் இருக்கிறது.

எம்.பி. கைக்கு ஒரு ரூபாயும் வராது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குள் எந்த வேலை, எந்த இடத்தில் என்று அவர் பரிந்துரைக் கடிதம் தருவார், அவ்வளவுதான். கடிதம் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். தமிழ்நாட்டில் ஊரகப் பகுதி வேலை என்றால் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் கோப்பு நகரும். பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். பிறகு நிர்வாக ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு, செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவு, பில், கடைசியில் பணி முடிவுச் சான்று. கடிதம் வந்த 45 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், இல்லையென்றால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும். வேலை பொதுவாக ஓராண்டுக்குள் முடிய வேண்டும்.

ஆக, ஒரே நிதிக்கு ஐந்து விதமான தொகை இருக்கிறது: எம்.பி.க்கு ஆண்டுக்கு உள்ள உரிமைத் தொகை, மத்திய அரசு விடுவித்தது, எம்.பி. பரிந்துரைத்தது, ஆட்சியர் ஒப்புதல் தந்தது, உண்மையில் பில் போட்டுப் பணம் பட்டுவாடா ஆனது. எடுத்துக்காட்டுக்கு, சில வேலைகள் எப்படியும் தள்ளுபடியாகும் என்று தெரிந்து ஒரு எம்.பி. 6 கோடிக்குக் கடிதம் தருகிறார் என்று வையுங்கள். ஒப்புதல் 4.2 கோடிக்குக் கிடைக்கிறது. ஆண்டு முடிவில் பணம் போனது 2.1 கோடி. எம்.பி. துண்டுப்பிரசுரத்தில் பரிந்துரைத் தொகையைப் போடுவார்: "ஒதுக்கீட்டுக்கும் மேலே!" எதிராளி பட்டுவாடாவைப் போடுவார்: "வெறும் 42 சதவீதம்!" இரண்டும் ஒரே கோப்பில் இருப்பவைதான். அடுத்த தேர்தலில் இருவரும் இடம் மாறினால் துண்டுப்பிரசுரமும் இடம் மாறும்.

2024 தேர்தலில் இன்னொரு கூத்தும் நடந்தது. "ஐந்து வருஷத்தில் 25 கோடி வந்ததே, எங்கே?" என்று கேட்டவர்களுக்குக் கணக்கே தவறு. கோவிட்டைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை இந்த நிதியை இரண்டு ஆண்டுக்கு நிறுத்தியது. 2021 நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தபோது அந்த ஆண்டின் மீதிக்கு 2 கோடி மட்டும். ஆகவே 2019-ல் ஜெயித்த மக்களவை உறுப்பினரின் உரிமைத் தொகை 5, 0, 2, 5, 5 என்று மொத்தம் 17 கோடி. 25 கோடியை வைத்துச் சதவீதம் போட்டால் நன்றாக வேலை செய்தவரும் சோம்பேறியாகத்தான் தெரிவார்.

அதேபோல "நிதி திரும்பிப் போய்விட்டது" என்பதை நம்பாதீர்கள். இது மார்ச் 31-ஓடு காலாவதியாகும் பணம் இல்லை. மீதி அடுத்த ஆண்டோடு சேர்ந்துகொள்ளும். தாமதம் என்று சொல்லலாம், திரும்பிப் போனது என்று சொல்லக் கூடாது.

இனி கட்சிகளின் இரட்டை நாக்கு. 1993 டிசம்பர் 23 அன்று நரசிம்ம ராவ் ஆட்சியில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. முதல் ஆண்டில் ஆளுக்கு 5 லட்சம், அடுத்த ஆண்டே 1 கோடி. 1998-99-ல் வாஜ்பாய் ஆட்சியில் 2 கோடி ஆனது. அதே வாஜ்பாய் அரசு நியமித்த அரசியலமைப்புச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம், நீதிபதி வெங்கடாசலையா தலைமையில், இதை உடனே நிறுத்தச் சொல்லி 2002-ல் அறிக்கை தந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. அடுத்து வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு, வீரப்ப மொய்லி தலைமையில் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தை அமைத்தது. எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி இரண்டையும் ஒழிக்க வேண்டும் என்று அதுவும் 2007-ல் சொன்னது. அதே கூட்டணி அரசு 2011-12-ல் 2 கோடியை 5 கோடி ஆக்கியது. தான் நியமித்த ஆணையத்தின் பேச்சைத் தானே கேட்காததில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆணையங்கள் சொன்ன காரணம் ஊழல் மட்டுமில்லை. சட்டம் இயற்றி அரசைக் கேள்வி கேட்க வேண்டியவர், அரசு அதிகாரியிடம் தன் வேலைக்கு ஒப்புதல் கேட்டு நிற்கிறார். பஞ்சாயத்து செய்ய வேண்டிய தெருவிளக்கை எம்.பி. போடுகிறார். ஊழல் பக்கமும் சுத்தமில்லை. 2005 டிசம்பரில் ஒரு தொலைக்காட்சியின் ரகசியக் கேமராவில் இந்த நிதிக்குக் கமிஷன் பேசிய உறுப்பினர்கள் சிக்கினார்கள். 2006-ல் மாநிலங்களவை தன் உறுப்பினர் ஒருவரை நீக்கியது. மக்களவை தன் உறுப்பினர்களைக் கண்டிப்போடு விட்டுவிட்டது. திட்டமே செல்லாது என்ற வழக்கில், 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் பீகார். 2010-ல் பெரும் வெற்றி பெற்று வந்த நிதிஷ் குமார் அரசு எம்.எல்.ஏ. நிதியை ஒழித்தது. நாடே பாராட்டியது. கொஞ்ச காலத்தில் முதலமைச்சர் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று வந்தது. அதில் வேலைகளைப் பரிந்துரைப்பது யார்? எம்.எல்.ஏ.க்களும் சட்ட மேலவை உறுப்பினர்களான எம்.எல்.சி.க்களும்தான். டெல்லியில் எதிர்த்திசை: 2024 அக்டோபரில் ஆம் ஆத்மி அரசு எம்.எல்.ஏ. நிதியை 10 கோடியிலிருந்து 15 கோடியாக்கியது. 2025 மே மாதம் பா.ஜ.க. அரசு 5 கோடியாகக் குறைத்தது. குறைத்ததே அதிசயம். ஆனால் மக்களவையில் அதே கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த பத்து வருடத்திலும் எம்.பி. நிதியை யாரும் ஒழிக்கவில்லை.

பணத்தின் அளவையும் பாருங்கள். இரண்டு அவைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 3,950 கோடி. மத்திய பட்ஜெட்டில் 0.1 சதவீதம்கூட இல்லை. நாட்டை இது திவாலாக்குகிறது என்று எதிர்ப்பவர்கள் சொல்வதும் மிகை, தொகுதியையே மாற்றிவிட்டேன் என்று எம்.பி. சொல்வதும் மிகை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 5 கோடியைப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 83 லட்சம். அங்கே எம்.எல்.ஏ.வின் நிதி ஆளுக்கு 3 கோடி, ஆறு பேருக்கு 18 கோடி. பத்து லட்சத்தில் ஒரு கட்டடம் என்றால் அதிலேயே 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், ஆக வேலைக்கு நிற்பது ஏறக்குறைய 8.47 லட்சம். 5 கோடி என்ற தொகை 2011-ல் நிர்ணயித்தது, சிமெண்டும் கம்பியும் அப்போதைய விலையில் இல்லை.

இவ்வளவு சின்னத் தொகைக்கு ஏன் இத்தனை பற்று? கல்வெட்டுதான். கல்வெட்டு வைப்பது எம்.பி.யின் ஆசை மட்டுமில்லை, விதியே அப்படி: திட்டத்தின் பெயர், செலவு, தொடங்கிய, முடித்த, திறந்த தேதிகள், பரிந்துரைத்த எம்.பி. பெயர் எல்லாம் நிரந்தரமாக இருக்க வேண்டும். நடைமுறையில் பேருந்து நிழற்குடையின் நெற்றியில் பெயர் மட்டும் ஊர்ப் பெயரைவிடப் பெரிதாக இருக்கும். தொகையையும் தேதியையும் கண்ணாடி போட்டுத் தேட வேண்டும். "என் சொந்த முயற்சியில்" என்று பேனர் கட்டிய பல வேலைகள் வேறு மத்திய, மாநிலத் திட்டத்தில் வந்தவை. கல்வெட்டில் திட்டத்தின் பெயர் இல்லையென்றால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

வேலை கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது இடம்: புறம்போக்கா, பட்டாவா, கோயில் நிலமா என்று பார்க்காமல் கடிதம் கொடுத்துவிடுவார்கள். வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் அதற்குச் சொந்தமான நிலத்திலும் இந்த நிதியில் வேலை செய்யக் கூடாது. நிலம் வாங்கவும் கூடாது. கோப்பு அங்கேயே படுத்துவிடும், எம்.பி. "அதிகாரிகள் இழுத்தடிக்கிறார்கள்" என்பார். இரண்டாவது மதிப்பீடு: கடிதத்தில் 5 லட்சம் என்று எழுதியிருப்பார், பொறியாளர் கணக்குப் போட்டால் 7 லட்சம் வரும். மீதிக்கு இன்னொரு கடிதம் வராவிட்டால் வேலை தொடங்காது. தொடங்கிய பிறகு செலவு கூடினால் கூரை போடாத கட்டடமாக நிற்கும். மூன்றாவதுதான் மோசம், பராமரிப்பு. முடிந்த வேலையை யார் பராமரிப்பது என்று பயன்படுத்தும் அமைப்பு முன்பே உறுதி தர வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். உயர்கோபுர மின்விளக்குக்கு மாதாமாதம் கரண்ட் பில் வரும்போதுதான் பஞ்சாயத்துக்கு உறைக்கும். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும். திறப்பு விழாப் புகைப்படம் மட்டும் வருஷக்கணக்கில் முகநூலில் ஓடும்.

தேர்தல் வருடத்தில் இன்னொரு வேகம் வரும். நடத்தை விதி அமலுக்கு வந்தால் புதிய நிதி விடுவிக்கக் கூடாது. வேலை உத்தரவு கொடுத்திருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. அதனால்தான் அறிவிப்புக்கு முந்தைய வாரங்களில் அத்தனை பூமி பூஜை. பொக்லைன் வந்து ஒரு குழி வெட்டிவிட்டால் "தொடங்கிய பணி" என்று ஆகிவிடுமே.

யார் சொல்வது சரி என்று நீங்களே பார்க்கலாம். 2023 ஏப்ரல் முதல் பரிந்துரை, ஒப்புதல், பட்டுவாடா எல்லாம் இந்தத் திட்டத்துக்கான இ-சாக்ஷி இணையதளத்தில் நடக்கின்றன. எம்.பி. பெயரைத் தேர்ந்தெடுத்து, பரிந்துரைத் தொகையை விட்டுவிட்டு, முடிந்த வேலைகளின் எண்ணிக்கையையும் செலவையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலங்களவை உறுப்பினர் மாநிலத்தில் எங்கு வேண்டுமானாலும் வேலை பரிந்துரைக்கலாம் என்பதால் அவரை உங்கள் ஊர்க் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றிச் சந்தேகம் என்றால் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. மனு, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்கு. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். "நிதி எப்படிச் செலவானது" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வேலையின் பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு நான்கு நகல்கள் கேளுங்கள்: எம்.பி.யின் பரிந்துரைக் கடிதம், நிர்வாக ஒப்புதல் ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பணி முடிவுச் சான்று. கடிதத்தின் தேதிக்கும் ஆணையின் தேதிக்கும் நடுவே 45 நாளுக்கு மேல் இருந்தால் தாமதம் அலுவலகத்தில். கடிதமே தேர்தலுக்கு முந்தைய மாதம்தான் போயிருந்தால் தாமதம் எம்.பி. பக்கம். 30 நாளில் பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.