ஏழு புள்ளிக்காகக் கப்பலை மாற்றாமல் இருக்க வேண்டாம்

வணக்கம் கிருஷ்ணகிரி நண்பரே. சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கம்பெனியின் சொகுசுக் கப்பலில் இரண்டு தடவை, மொத்தம் 7 இரவு போயிருக்கிறோம், இப்போது அப்பா அம்மாவோடு வேறு கம்பெனிக் கப்பலான ஜென்டிங் ட்ரீமில் போனால் சேர்த்த புள்ளி வீணாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வீணாகாது, அது பாட்டுக்கு இருக்கும். ஆனால் ராயல் கரீபியனின் கிரௌன் அண்ட் ஆங்கர் என்கிற வாடிக்கையாளர் புள்ளித் திட்டத்தில் சாதாரண அறைக்கு ஓர் இரவுக்கு 1 புள்ளிதான், தினமும் நாலு பானம் இலவசம் என்கிற டைமண்ட் நிலைக்கு 80 வேண்டும், வருடம் நாலு இரவு போனால்கூட உங்களுக்கு இன்னும் 18 வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பையனுக்கே கல்யாண வயசு வந்துவிடும்!

தர்மபுரியிலிருந்து நாங்களும் பழகிய கம்பெனி என்று ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது தடவை 'பழைய வாடிக்கையாளர் சலுகை' என்று வந்த விலையில் துறைமுக வரியும் ஊழியர் டிப்ஸும் சேர்த்ததும் வேறு கப்பலைவிட அதிகமாகிவிட்டது. சாப்பாடு வேறு. இரண்டாம் நாள் ராத்திரி அம்மா பஃபேயில் தட்டோடு நின்று "இதில் மோர் எதுடா?" என்று கேட்டது இன்னும் மறக்கவில்லை. பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் சைவச் சாப்பாடு, லிஃப்ட் பக்கத்தில் அறை, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

என்னைக் கேட்டால் மாற்றிப் பாருங்கள். அப்புறம், பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலைத் தாண்டிவிடலாம் என்று நம்பி கப்பல் கிளம்புகிற அன்றைக்கே பெங்களூரில் விமானம் ஏறாதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள்.