கை நீட்டாத மாப்பிள்ளை

கேள்வி: அக்கா வீட்டுக்காரர் இதுவரை அவளை அடித்ததில்லை. ஆனால் அவளுடைய சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம்தான். தலைவலி மாத்திரைக்குக்கூட அவரிடம் கேட்க வேண்டும். அம்மாவோ, "கை நீட்டாத மாப்பிள்ளை, இதெல்லாம் ஒரு குறையா?" என்கிறார். குறைதானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நல்லவேளை, டவுன் பஸ்ஸாவது பெண்களுக்கு இலவசம்! அம்மாமேல் கோபப்படாதீர்கள். ரத்தம் வந்தால்தான் கொடுமை என்பது அவர் பார்த்து வளர்ந்த கணக்கு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. அடி உதையோடு பாலியல் கொடுமை, வாயால் குத்திக் குதறுவது, பணத்தை வைத்து ஆட்டிவைப்பது எல்லாமே அதன் 3-வது பிரிவில் வன்முறைதான். சம்பளத்தைப் பிடுங்கி வைப்பதும், பெண்ணுக்குப் போட்ட நகையை அவளைக் கேட்காமல் விற்பதும் கடைசி வகையில் வரும்.

புகார் என்றாலே போலீஸ், ஜெயில், அப்புறம் டைவர்ஸ் என்று அக்கா பயப்படலாம். இந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் யாரென்று கேட்டு அவரிடம் சொன்னால், அவர் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். விவாகரத்து கேட்காமலே செலவுக்குப் பணம், பாதுகாப்பு இரண்டுக்கும் உத்தரவு வாங்கலாம். பாதுகாப்பு உத்தரவை மாப்பிள்ளை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்ற பேச்சே வரும். வழக்கை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்; நம் கோர்ட்டுகளில் இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வீடு மாமியார் பேரில். வாயைத் திறந்தால் வெளியே போ என்பார்களே?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: சொல்வார்கள், ஆனால் சட்டப்படி அனுப்பாமல் சும்மா துரத்த முடியாது. பத்திரம் யார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை மருமகளுக்கு உண்டு. மாமனார், மாமியார் வீடும் இதில் அடங்கும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கேள்வி: குடித்தால்தான் அடிக்கிறார். குடியை நிறுத்தினால் சரியாகிவிடும்தானே?
- வாசகி, கடலூர்

பதில்: அதே போதையில் வழியில் நிறுத்திய டிராஃபிக் போலீஸை என்றைக்காவது அடித்தாரா? அவரிடம் கைகட்டி நிற்கத் தெரிகிற மனிதருக்கு வீட்டு வாசலில்தான் நிதானம் தவறுகிறது. சிகிச்சைக்கு அனுப்புங்கள், நல்லதுதான். அதுவரை 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனைப் பிடுங்கிக்கொண்டால் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அடிக்கலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.