பள்ளிக்கூடக் குப்பை: கேட்டதும் சொன்னதும்

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிப் பள்ளிக்கூடங்களில் ஆரம்பப் பிரிவுக்கு நீண்டகாலம் படிப்பித்து, கடைசியில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று பள்ளிக்கூடங்களில் குப்பை பிரிக்கும் திட்டம் நடத்தினேன். முதலாவது படுதோல்வி. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சேர், அதிபர் மீள்சுழற்சித் திட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார். நிறநிறத் தொட்டி வாங்கக் காசு சேர்க்கட்டுமா? (தரம் 3 ஆசிரியை, கோண்டாவில்)

தொட்டி கடைசி வேலை ரீச்சர். எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பழைய இரும்பு, போத்தல் வாங்க லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வருகிறவரை மறித்து, எதை எடுப்பார், எதைத் தொடமாட்டார் என்று கேளுங்கள். பிரதேச சபையிலும் கேளுங்கள். அவர்கள் எடுக்காத சாமானைப் பிள்ளைகளைக் கொண்டு சேர்ப்பிக்காதீர்கள். அது உங்கள் பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்கும்.

அடுத்து, ஒரு நாள் குப்பை முழுவதையும் படங்கு ஒன்றில் கொட்டிப் பாருங்கள். கண்ணாடித் துண்டு, பிளேட் இருந்தால் நீங்களே எடுத்துவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் கையுறையோடு பிரித்து, வகை வகையாக நிறுக்கட்டும். நிறுத்தல் அளத்தல் பாடமும் ஆயிற்று. பாரத்தில் முன்னுக்கு நிற்பது பெரும்பாலும் இலை சருகும் சாப்பாட்டு மிச்சமும்தான். பிளாஸ்டிக் கண்ணுக்குத்தான் பெரிது.

தொட்டிக்குப் பதில் வெறும் உரப்பைகள் போதும். நிறம் பூசுவதென்றால் நாட்டு வழக்கப்படியே பூசுங்கள்: உக்குவதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு.

எந்த வகுப்பு கூடுதலாகப் போத்தல் கொண்டுவருகிறதோ அதற்குப் பரிசு வைக்கலாமா? (சாவகச்சேரி)

வைக்காதீர்கள். என் முதல் தோல்வி இதுதான். இரண்டாம் கிழமையே பிள்ளைகள் வீட்டில் அழுது சோடா வாங்கிக் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு தகப்பன் கல்யாண வீட்டுப் போத்தல்களை மூட்டையாகக் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார், மகளின் வகுப்பு வெல்ல வேண்டுமாம். வாங்குகிறவரோ இரண்டு மாதம் வரவில்லை. ஐப்பசி மழை தொடங்க, பின் விறாந்தை முழுக்க நுளம்பு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசிவிட்டுப் போனார். அவரில் பிழையில்லை.

டெங்கு நுளம்புக்குப் போத்தல் மூடியளவு தண்ணீரே போதும். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள். காய்ந்த முட்டையோ மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் போத்தலைக் கழுவி, நசுக்கி, மூடியை இறுகத் திருகிவிடுங்கள். தண்ணீர் உள்ளே போகாது, இடமும் மிச்சம். மூட்டை கூரைக்குள் இருக்கட்டும். மாரிக்கு முன் கையிருப்பு முழுவதும் வெளியேறிவிட வேண்டும்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குப்பை குறைந்த வகுப்புக்குக் கொடுங்கள்.

என் மகன் வகுப்பில் கதைத்ததற்குத் தண்டனையாகக் குப்பைத் தொட்டியைத் தூக்க விட்டார்களாம். இதுவா மீள்சுழற்சி? (ஒரு தாய்)

இல்லை அம்மா. உங்கள் கோபம் நியாயம். குப்பை எடுப்பதைத் தண்டனையாக்கிய அன்றே திட்டம் செத்துவிட்டது. பிள்ளை படிப்பது ஒன்றுதான்: இது கெட்டவன் செய்கிற வேலை. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டினோம் என்பது யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினால் வகுப்பு அதைக் கவனிக்கும், பட்டப்பெயரும் வைக்கும்.

நான் இடாப்பு வரிசைப்படி விட்டேன். வைத்தியரின் மகளுக்கும் அதே முறை, வகுப்பாசிரியருக்கும் ஒரு நாள், எனக்கு வெள்ளிக்கிழமை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளி தூக்கியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நீங்கள் அதிபரிடம் நேரே போய்க் கதையுங்கள்.

எங்கள் கூட்டெருக் கிடங்கு நாறுகிறது. மூடிவிடச் சொல்கிறார்கள். (காரைநகர்)

சத்துணவு மிச்சத்தைத் தனியே கொட்டியிருப்பீர்கள். ஒரு வாளி மரக்கறித் தோலுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த சருகு வேண்டும். மாஞ்சருகு, வேப்பஞ்சருகு எதுவும் ஆகும். மீன் முள், இறைச்சி வேண்டாம். நாயும் காகமும் வரும். கிழமைக்கு ஒருமுறை கிளறுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வந்தால் பதம். தண்ணீர் வடிந்தால் சருகு போடுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இதற்கு எதிர்மாறாகக் காய்ந்துபோய் உக்காமல் நிற்கும். தண்ணீர் தெளித்துக் கிடுகால் மூடுங்கள். வேகம் போதாவிட்டால் வேலியில் நிற்கிற பூவரசங்குழை, கிளிசிறியாக் குழையை வெட்டிப் போடுங்கள். தோட்டத்துக்குக் குழை தாட்ட ஊர் நாம்.

பிஸ்கற் உறை, யோகட் கப் என்ன செய்வது? எரித்துவிடலாமா?

எரிக்கக்கூடாது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்ரெம்பர் முதல் தடை. புதைக்கவும் வேண்டாம். நமக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக நேரம் எடுக்காது. பிஸ்கற் உறை பல படை ஒட்டியது, பழைய சாமான்காரர் எடுக்கமாட்டார்; சபைக் குப்பையோடுதான் போக வேண்டும். ஆகவே அது வராமல் பார்ப்பதே வழி. இடைவேளைக்குக் கடலை, சோளம், பழம் கொண்டுவரும் நாள் என்று கிழமையில் இரண்டு நாள் வையுங்கள். பனையோலைக் குட்டானில் போட்டுக் கொடுத்தால் அழகும்தான். யோகட் கப்பில் அடியில் துளையிட்டு நாற்று வளர்க்கலாம், ஆனால் முப்பது கப்புக்கு மேல் உங்களுக்கு என்னத்துக்கு?

நெடுந்தீவில் இருக்கிறோம். வாங்க ஆள் வராது.

உங்கள் கணக்கு வேறு, தம்பி. அரை லீற்றர் சோடாப் போத்தல் சுமார் இருபது கிராம். ஐம்பது சேர்ந்தால்தான் ஒரு கிலோ. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகில் ஏற்றுகிற கூலியும் வராது. கூட்டெருவும் கடதாசியும் மட்டும் செய்யுங்கள். போத்தலை நசுக்கி வைத்திருந்து, வெறுமையாகத் திரும்பும் சாமான் படகு எதுவும் சும்மா ஏற்றுமா என்று கேட்டுப் பாருங்கள்.

விற்ற காசை யார் வைத்திருப்பது?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் போடுங்கள், பற்றுச்சீட்டோடு. ஆசிரியரின் கைப்பையில் வேண்டாம், நூறு ரூபாயானாலும்.

ஆண்டு முடிவில் கொப்பிகளை நிறுத்து விற்கலாமா?

எழுதிய பக்கத்தை விற்கலாம். எழுதாத தாள்களை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு கொப்பியிலும் பத்துப் பதினைந்தாவது இருக்கும். தைத்துக் கட்டினால் அடுத்த ஆண்டுக்குச் சொல்வதெழுதல் கொப்பி. அட்டைக்குப் பழைய கலண்டர் நல்லது. சுவாமிப் படமுள்ள தாளை மட்டும் விட்டுவிடுங்கள். கொப்பி நிலத்தில் விழும் நேரமெல்லாம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள், பாடம் நடக்காது.