புஷிடோவின் வயது

வணக்கம் ஐயா,

நிதோபே இனாசோவின் 'புஷிடோ', அதன்பின் 'ஹகாகுரே' இரண்டையும் ஆங்கிலத்தில் படித்தேன். சாமுராய்கள் ஆயிரம் ஆண்டுகளாக ஒரே அறத்தைக் கட்டிக்காத்தார்கள் என்று தோன்றியது. புஷிடோ, அதாவது 'வீரரின் நெறி', என்பதே பிற்காலக் கற்பனை என்கிறது ஒரு கட்டுரை. எதை நம்புவது? ஆய்வு நூல்களை எந்த வரிசையில் படிக்கலாம்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்த இரண்டுமே சாமுராய்கள் போரிட்ட காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. ஹகாகுரே, சாகா நாட்டு யமமோட்டோ சுனெதோமோ 1709 முதல் 1716 வரை சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிவைத்தது. நாட்டில் பெரிய போர் ஓய்ந்து அப்போதே எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. சுனெதோமோ போர்க்களத்தைக் கண்டதில்லை. தலைவர் இறந்தால் உடன் உயிர்விடுவதைச் சட்டம் தடுத்திருந்ததால் துறவு பூண்டவர். சாவைப் பற்றி அவர் ஏன் அவ்வளவு பேசுகிறார் என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

நிதோபே குவேக்கர் கிறிஸ்தவர். மேற்கத்திய வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி, 1900இல் அமெரிக்காவில் வெளியிட்டார். ஜப்பானிய மொழிக்கு அந்நூல் வந்ததே 1908இல்தான்.

அதற்காக எல்லாமே கற்பனை என்றும் தள்ளிவிட முடியாது. மானம், குடிப்பெருமை, தலைவனுக்குச் செய்யும் ஊழியம் எல்லாம் இருந்தன. எல்லா சாமுராய்க்கும் பொதுவான ஒரே நெறி, 'புஷிடோ' என்ற பெயரோடு, இருக்கவில்லை. அந்த நெறி 1880களின் இறுதியில் தொடங்கி இதழ்களிலும் நூல்களிலும் எப்படி உருவாக்கப்பட்டது என்பதை ஓலெக் பெனெஷ் 2014இல் வெளிவந்த தன் ஆய்வில் காட்டுகிறார். ஆனால் அதைக் கடைசியில் படியுங்கள். உடைபடுவது எது என்று தெரியாமல் உடைப்பதைப் படித்துப் பயனில்லை.

முதலில் எய்கோ இகெகாமியின் 'சாமுராயை அடக்குதல்' (1995). சண்டையில் ஈட்டிய மானம், தொகுகாவா ஷோகன்களின் ஆட்சியில் (1603–1868) அலுவலகக் கட்டுப்பாடாக மாறிய கதையை முழு நீளத்துக்குச் சொல்லும் நூல். அடுத்து தாமஸ் கான்லன், 14ஆம் நூற்றாண்டுப் போர்கள் பற்றி எழுதியது. எனக்கு மிகப் பிடித்தது இதுதான், காரணம் அவர் கையாளும் ஆவணங்கள். குன்சூஜோ என்பார்கள். போர் முடிந்ததும் வீரன் எழுதிக் கொடுக்கும் மனு அது: எந்த நாள், எந்த இடம், தன் ஆட்களில் யாருக்குக் காலில் அம்பு தைத்தது, யாருக்குத் தோளில் வெட்டு விழுந்தது, கண்ட சாட்சி யார். தளபதி அதே தாளின் ஓரத்தில் 'பார்த்தாயிற்று' என்பதுபோல ஒரு சொல் எழுதித் தன் கையொப்பச் சின்னத்தை இடுவார். பின்னால் நிலமோ பரிசோ கேட்க அந்தத் தாள்தான் ஆதாரம். காயங்களை எண்ணினால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அம்பால் வந்தவை. வாள் வெகு பின்னால் நிற்கிறது. 'வாளே சாமுராயின் ஆன்மா' என்பது அமைதிக் காலத்துப் பேச்சு.

அந்த அமைதிக் காலத்துக்கு கட்சு கொகிச்சி 1843இல் எழுதிய தன்வரலாற்றைப் படியுங்கள், ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஆண்டுக்கு 41 கொகு குடும்ப வருமானம் (ஒரு கொகு சுமார் 150 கிலோ அரிசி), பதவி கிடையாது. சிறுவயதில் வீட்டைவிட்டு ஓடிப் பிச்சையெடுத்தது முதல் தெருச்சண்டை, வாள் தரகு வரை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஜப்பானியம் தெரிந்தால் இசோடா மிச்சிஃபுமியின் 2003ஆம் ஆண்டு நூலையும் சேர்த்துக்கொள்ளலாம். கனசாவாவில் கணக்கராக இருந்த ஒரு சாமுராய்க் குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கு அது. கடன் ஆண்டு வருமானத்தைப்போல் இரு மடங்கு. பிள்ளையின் சடங்குக்கு மீன் வாங்கப் பணமில்லாமல் மீன் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்!

ஷோகன்களின் ஆட்சி முடிந்து பேரரசர் பெயரில் புதிய அரசு அமைந்த மெய்ஜி காலத்துக்கு வரும்போது 1876ஐ விட்டுவிடாதீர்கள். மார்ச்சில் வாள் அணியத் தடை, ஆகஸ்டில் பரம்பரை ஊதியம் நின்று கடன் பத்திரம். திரைப்படங்கள் முதலாவதை மட்டும் பார்க்கின்றன. அடுப்பை அணைத்தது இரண்டாவது. மறு ஆண்டு தெற்கே சத்சுமாவில் அரசை எதிர்த்து எழுந்த சாமுராய்த் தலைவர் சைகோ தகமோரியின் படையிடமும் துப்பாக்கிகள் இருந்தன.

படிக்கும்போது ஆண்டுகளில் தடுக்கி விழாதீர்கள். 1872 முடியும்வரை ஜப்பானில் பழைய சந்திர நாட்காட்டிதான். அகோ நாட்டில் தலைவனை இழந்த 47 சாமுராய்கள் அவருக்காகப் பழிவாங்கியது கென்ரோகு என்ற ஆண்டுக்கணக்கில் 15ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் மாதம் 14ஆம் நாள். அதை 1702 என்று போடும் நூல்கள் பல. நம் கணக்கில் அது 1703 ஜனவரி 30. ஒரு நூலாசிரியர் எந்த நாட்காட்டியில் எழுதுகிறார் என்று முன்னுரையிலேயே சொல்லாவிட்டால் அவருடைய மற்ற தேதிகளையும் சரிபாருங்கள்.