குடித்துவிட்டு வண்டி ஓட்டி இரண்டாவது, மூன்றாவது முறை மாட்டுகிறவர்களுக்கும் தண்டனை ஏன் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கிறது? நீதிபதியின் மனநிலைதான் காரணமா?

பதினோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன், மாஜிஸ்திரேட் கோர்ட்டில். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன்.

மனநிலையும் கொஞ்சம் காரணம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தவரை பெரிய காரணம் வேறு. எதிரில் நிற்கிற ஆள் ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவர் என்பதே பல நேரம் கோர்ட்டுக்குத் தெரியாது.

புது அபராதம் வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை. சனி, ஞாயிறு ராத்திரி ஊதி மாட்டியவர்கள் எல்லாரும் வராந்தாவில் நின்றார்கள். எங்கள் ஆபீஸ் மூலமாக இரண்டு பேர். ஒருவன் லோடு ஆட்டோ ஓட்டுகிற பையன், முதல் தடவை. மெஷின் சீட்டில் 41 என்று இருந்தது. 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் மது என்ற கணக்கு அது. 30-ஐத் தாண்டினால் குற்றம், அவ்வளவுதான். இன்னொருவர் ஊரில் பைனான்ஸ் நடத்துகிறவர். அவர் சீட்டில் 160-க்கு மேல். எங்கள் ஆபீசுக்கே அது அவருடைய மூன்றாவது கேஸ்.

இரண்டு பேரும் "ஒத்துக்கிறேன் ஐயா" என்றார்கள். இரண்டு பேருக்கும் 10,000 ரூபாய் அபராதம், கோர்ட் கலையும் வரை சிறை. அது என்ன சிறை என்று தெரியாதவர்களுக்கு: சாயங்காலம் நீதிபதி எழுந்து போகும் வரை ஹாலின் பின்பக்கம் பேசாமல் நிற்க வேண்டும். பைனான்ஸ்காரர் மதியமே பணத்தைக் கட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றபடி, வண்டிச் சாவி எப்போது கிடைக்கும் என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். பையனிடம் பணம் இல்லை. கட்டத் தவறினால் பத்து நாள் என்று உத்தரவில் இருந்ததால் சப் ஜெயிலுக்குப் போனான். மூன்றாம் நாள் முதலாளி வந்து கட்டி எடுத்தார், சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி.

ஆக, முதல் தடவைக்காரன் உள்ளே, மூன்றாம் தடவைக்காரர் வீட்டில். இதில் நீதிபதியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த தாளில் இரண்டும் ஒரே கேஸ்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு. முதல் முறை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். அடுத்தடுத்த முறை என்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். 2019 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்கு முன்னால் இவை 2,000, 3,000 வரைதான். அதுவும் மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் இரண்டாவது முறை என்று கணக்கு. அந்த மூன்று வருடக் கணக்கை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் அந்த "அல்லது" அப்படியே இருக்கிறது. 15,000 ரூபாய்க்கும் இரண்டு வருடத்துக்கும் நடுவில் எங்கே நிறுத்தினாலும் சட்டப்படி சரிதான். சிங்கப்பூரில் இரண்டாவது முறைக்கு அபராதமும் சிறையும் சேர்த்தே என்று எழுதியிருக்கிறார்கள், அங்கே எவ்வளவு நாள் என்பதில்தான் வாதம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்தக் கேஸ்கள் பெரும்பாலும் சுருக்க விசாரணையாக, எஸ்.டி.சி. எண் போட்டு நடக்கும். அந்த முறையில் மூன்று மாதத்துக்கு மேல் சிறை கொடுக்கவே முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான், இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் அப்படித்தான். அப்புறம் அந்த இரண்டு வருடம் யாருக்கு?

சரி, மூன்றாவது முறை என்பது ஏன் தெரியவில்லை? கூடுதல் தண்டனை வேண்டும் என்றால், முன்பு எந்தக் கோர்ட்டில், எந்தத் தேதியில் தண்டனை ஆனது என்று போலீஸ் தரப்பு எடுத்து வைத்து நிரூபிக்க வேண்டும். எங்கள் ஆள் முதல் தடவை மாட்டியது டவுன் ஸ்டேஷனில். இரண்டாவது பைபாஸில், அது வேறு ஸ்டேஷன், வேறு கோர்ட். மூன்றாவது தடவை மனைவி பெயரில் இருந்த ஸ்கூட்டரில், லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரு தாளில் இனிஷியல் கே, இன்னொன்றில் கி. ஒரு ராத்திரியில் முப்பது பேரை ஊதவைக்கிற எஸ்.ஐ. இதையெல்லாம் தோண்டிக்கொண்டா இருப்பார்?

லைசென்ஸ் விஷயம் இதைவிட மோசம். 185-இல் தண்டனை ஆனாலே குறைந்தது ஆறு மாதம் வண்டி ஓட்டத் தகுதி இல்லை என்று கோர்ட் உத்தரவு போட வேண்டும் என 20-ஆம் பிரிவு சொல்கிறது. இங்கே "அல்லது" கிடையாது. ஆனாலும் எங்கள் கோர்ட்டில் நான் பார்த்த கேஸ்களில் அந்த உத்தரவு வந்தது கொஞ்சம்தான். பைனான்ஸ்காரர் பயந்ததும் அதற்கு மட்டும்தான், அபராதத்துக்கு இல்லை.

கீழ்க் கோர்ட்டில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். இது மறுபடி மாட்டியவர்கள் கதை இல்லை என்றாலும் சொல்கிறேன். மும்பை பாந்த்ரா கார்ட்டர் சாலையில் 2006-இல் ஏழு பேர் செத்த வழக்கு. டெல்லி லோதி காலனியில் 1999-இல் ஆறு பேர் செத்த பி.எம்.டபிள்யூ. வழக்கு. இரண்டிலும் ஒரே பிரிவு (185 இல்லை, கொலை ஆகாத மரணம் விளைவித்ததற்கான பிரிவு), இரண்டிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2012-இல். முன்னதில் மூன்று வருடம் உறுதியானது. பின்னதில் ஏற்கெனவே இருந்த இரண்டு வருடம் போதும் என்று விட்டு, 50 லட்சம் கட்டச் சொல்லி, இரண்டு வருடம் சமூக சேவையும் செய்யச் சொன்னார்கள். காரணங்களைப் படித்தால் தனித்தனியாக நியாயமாகத்தான் தெரியும்.

நீங்கள் பாதிக்கப்பட்டவர் பக்கம் என்றால் ஒன்று செய்யலாம். அந்த ஆளின் பழைய கேஸ் எண் தெரிந்தால் நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகலை வாங்கி, அரசு உதவி வழக்கறிஞர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர்களே தேடி எடுப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பைனான்ஸ்காரரின் பழைய எண்கள் இரண்டும் எனக்குத் தெரியும். அவர் எங்கள் கட்சிக்காரர், அதைக் கோர்ட்டில் சொல்வது எங்கள் வேலை இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, அவருடைய மூன்று கட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே நாடாவில் கட்டி அலமாரியில் வைத்தது நான்தான்.