கேமன் காருக்கு ஆயில் மாற்ற 400 டாலரா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். 2014 போர்ஷே கேமன் எஸ் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். ஆயில் மாற்ற டீலர் 400 டாலர் கேட்கிறார். நானே மாற்றினால் 100 டாலருக்குள் முடியும் என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நண்பர்கள் பொருள் செலவை மட்டும் சொல்கிறார்கள்.

முதலில் பொருள். உங்கள் காருக்குக் கிட்டத்தட்ட 7.5 லிட்டர் ஆயில் தேவைப்படும், அதாவது சுமார் 8 குவார்ட். போர்ஷேயின் ஏ40 அங்கீகாரம் உள்ள 0டபிள்யூ-40 (ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் கிரேடு எண்) முழு சிந்தெடிக்காக இருக்க வேண்டும். மொபில் 1 எஃப்எஸ் 0டபிள்யூ-40 அப்படிப்பட்டது. கேனின் பின்பக்கத்தில் 'போர்ஷே ஏ40' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிரேடு எண் மட்டும் பொருந்தினால் போதாது. 5 குவார்ட் கேன் பெரிய கடைகளில் ஏறத்தாழ 30 டாலர். ஒரு கேனும் மூன்று தனி பாட்டிலும் வாங்குவதைவிட இரண்டு கேன் வாங்குவது நல்லது. விலையில் பெரிய வித்தியாசம் வராது, மிச்சமாகும் 2 குவார்ட் இடையில் குறைந்தால் ஊற்ற உதவும். ரப்பர் வளையத்தோடு வரும் பில்டர் 15 முதல் 25 டாலர். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டுக்கான வாஷர் இரண்டு மூன்று டாலர். ஆக 90 டாலருக்குள் அடங்கிவிடும்.

நண்பர்கள் விட்டுவிட்டது கருவிகளை. தாழ்வான ஜாக்கி, காரைத் தாங்கும் நான்கு ஸ்டாண்டு, இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச், 8 மி.மீ. ஆலன் பிட், பில்டர் மூடியைக் கழற்றும் 74 மி.மீ. கப், 10 லிட்டராவது கொள்ளும் தட்டு எல்லாம் சேர்ந்தால் 300 டாலரைத் தாண்டும். எனவே முதல் தடவை உங்களுக்கு மிச்சம் எதுவும் இராது. இரண்டாம் தடவையிலிருந்து ஒவ்வொரு முறையும் 300 டாலர் கையில் நிற்கும். அமெரிக்காவில் இந்தக் காருக்குக் கெடு ஓராண்டு அல்லது 10,000 மைல், எது முதலில் வருகிறதோ அது. மூன்று நான்கு ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் கருவி வாங்குவது லாபம். அடுத்த ஆண்டே விற்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம்.

டீலரிடம் விடுவது, நீங்களே செய்வது, இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு, பலர் அதை யோசிப்பதில்லை. போர்ஷே மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக் கடைகளில் பொதுவாக 200 முதல் 300 டாலருக்குள் முடித்துவிடுவார்கள். பத்து நிமிட ஆயில் கடைகளுக்கு மட்டும் இந்தக் காரைக் கொண்டுபோகாதீர்கள். ஏ40 ஆயில் அங்கே இருப்பில் இருக்குமா என்பதே சந்தேகம், காரை எங்கே தூக்குவது என்பதும் பலருக்குத் தெரியாது.

கேள்வி: நானே செய்வதென்றால் எங்கே தவறு நடக்கும்?

பதில்: தூக்குவதில் ஆரம்பிக்கும். நான்கு சக்கரமும் சம உயரத்தில் நிற்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் தூக்கினால் பழைய ஆயிலில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடும். ஜாக்கியை உரிமையாளர் கையேடு காட்டும் இடங்களில்தான் வைக்க வேண்டும், என்ஜின் அடியில் கூடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றி, அரை மணி நேரம் வடிய விடுங்கள். பில்டர் மூடி பிளாஸ்டிக். அதைத் திறக்கும்போது அதற்குள் தேங்கிய ஆயிலும் கொட்டும், எனவே தட்டு அடியிலேயே இருக்கட்டும். பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு நின்றுவிட, அதன்மேல் புதியதைப் போட்டு மூடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆயில் கசிவது அதனால்தான். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி மூடியை 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கை வலிமையைக் காட்டினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். டிரெயின் போல்ட்டுக்கு 50 நியூட்டன் மீட்டர், வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. மரை அலுமினியத்தில் வெட்டியது. அது போனால் மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் அதைச் சரிசெய்யவே போய்விடும்.

பழைய பில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மினுமினுக்கும் உலோகத் துகள் தென்பட்டால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீலர் இதைச் செய்தாரா என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. நானே மாற்றுகிறேன் என்பவருக்குக் கிடைக்கும் பெரிய ஆதாயம் பணமல்ல, இதுதான்.

ஆயில் ஊற்றும் வாய் பின்பக்க டிக்கியில் இருக்கிறது, பக்கத்திலேயே கூலன்ட் மூடியும் இருக்கிறது. மூடியில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: ஆயில் அளவு பார்க்கும் குச்சி (டிப்ஸ்டிக்) இல்லையே, அளவை எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் 6.5 லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். என்ஜினை ஓடவிட்டு, அடியில் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காரைத் தரையில் இறக்கி, முழுச் சூடு ஏறும்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போதே டாஷ்போர்டு திரையில் அளவைப் பாருங்கள். பிறகு கால் லிட்டர் கால் லிட்டராகச் சேர்க்கலாம். உச்சக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள். ஆற அமர ஊற்றினால் கெட்டுப்போவது எதுவும் இல்லை. அதிகமாகிவிட்டால் ஆயில் காற்று உறிஞ்சும் பாதைக்குள் ஏறி நீலப் புகை தள்ளும், மறுபடி காரைத் தூக்கி வடிக்க வேண்டும்.

சர்வீஸ் நினைவூட்டலை அழிக்க, போர்ஷேவை ஆதரிக்கும் ஸ்கேன் கருவி வேண்டியிருக்கும். வாங்க மனமில்லை என்றால் தனி மெக்கானிக் சிறு தொகைக்கு அழித்துத் தருவார்.

கேள்வி: நானே மாற்றினால் வாரண்டி போய்விடும் என்கிறாரே டீலர்?

பதில்: போகாது. அமெரிக்காவின் 1975 மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டப்படி, டீலரிடம் மாற்றவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. ஆனால் தவறான ஆயிலால் என்ஜின் கெட்டது என்று நிரூபிக்கப்பட்டால் அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடைக்காது. எனவே ஆயில், பில்டர் ரசீதுகளை எடுத்து வையுங்கள், தேதியையும் மைல் கணக்கையும் எழுதுங்கள், கேனின் பின்பக்கத்தை ஒரு படம் எடுங்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்பதும் இதே காகிதங்களைத்தான்.

பழைய ஆயிலை மூடியுள்ள காலி கேன்களில் ஊற்றி ஆட்டோசோன் போன்ற உதிரிபாகக் கடைகளில் கொடுங்கள், பெரும்பாலும் இலவசமாகவே வாங்கிக்கொள்வார்கள். கூலன்டோ தண்ணீரோ கலந்திருந்தால் வாங்க மாட்டார்கள்.