பி.ஆர். அட்டையைப் புதுப்பித்தல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கனடாவின் நிரந்தர வதிவிட அட்டையை (பி.ஆர். அட்டை) புதுப்பிப்பது குறித்து வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். அகதிக் கோரிக்கையின் வழியாக வதிவிட உரிமை பெற்றவர்கள் வேறு எதை வாசிக்காவிட்டாலும் மூன்றாவது கேள்வியைத் தவறாமல் வாசிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: என் அட்டை சென்ற ஆண்டே காலாவதியாகிவிட்டது, வேலையும் குடும்பமுமாக இருந்ததில் கவனிக்கத் தவறிவிட்டேன். எனக்கு இப்போது வதிவிட உரிமை இருக்கிறதா? வேலைத்தளத்தில் சிக்கல் வருமா?

உரிமை இருக்கிறது. அட்டை என்பது உங்கள் உரிமைக்கான சான்று மட்டுமே. சான்றின் காலம் முடிவதால் உரிமை முடிந்துவிடாது. நீங்கள் கனடியக் குடியுரிமை பெறும்போது, நீங்களாகவே உரிமையைக் கைவிட விண்ணப்பித்து அது ஏற்கப்படும்போது, உங்களுக்கு எதிரான வெளியேற்ற ஆணை நடைமுறைக்கு வரும்போது என, சட்டத்தில் குறிப்பிடப்பட்ட சில சந்தர்ப்பங்களில்தான் நிரந்தர வதிவாளர் என்ற நிலை நீங்கும். நிரந்தர வதிவாளரின் சமூகக் காப்புறுதி இலக்கத்துக்குக் காலாவதித் திகதி கிடையாது என்பதால், வேலை செய்யும் உரிமையும் தொடர்கிறது.

ஆனால் வெளிநாடு சென்று விமானத்திலோ, ரயிலிலோ, பேருந்திலோ திரும்பி வருவதற்குச் செல்லுபடியாகும் அட்டை தேவை. இந்த அட்டை 2002இல்தான் அறிமுகமானது. அதற்கு முன்னர் வந்து குடியேறிய மூத்தவர்கள் சிலர், குடியேறியபோது கொடுக்கப்பட்ட ‘தரையிறங்கிய பத்திரம்’ கையில் இருப்பதால் அதுவே போதும் என்று இன்றும் நம்பியிருக்கிறார்கள். விமான நிறுவனம் அதனை ஏற்றுக்கொள்ளாது.

புதுப்பிக்கும் கட்டணம் ஆளொருவருக்கு 50 கனடிய டொலர். அட்டை காலாவதியாவதற்கு 9 மாதங்களுக்கும் குறைவாக இருக்கும்போதோ, காலாவதியான பின்னரோ விண்ணப்பிக்கலாம். கடந்த 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருப்பீர்களானால், குடியுரிமைக்கே விண்ணப்பிப்பதைப் பற்றி யோசியுங்கள். அதற்குச் செல்லுபடியாகும் பி.ஆர். அட்டை கட்டாயமில்லை.

கேள்வி: வதிவிட உரிமையைத் தக்கவைக்க 5 ஆண்டுகளில் கனடாவில் இருந்திருக்க வேண்டிய 730 நாட்களை எந்தத் திகதியிலிருந்து எண்ண வேண்டும்? மாணவராக இங்கே இருந்த காலமும் சேருமா? அமெரிக்காவுக்கு அடிக்கடி போய்வருகிறேன். அவை எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

மாணவராக இருந்த காலம் சேராது. நிரந்தர வதிவாளரான நாளிலிருந்துதான் கணக்கு தொடங்கும். (குடியுரிமை விண்ணப்பத்தில் முந்திய நாட்களை அரை நாளாகக் கணக்கிட இடமுண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தவறு இது.)

விண்ணப்பிக்கும் நாளிலிருந்து பின்னோக்கி 5 ஆண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 5 ஆண்டுகளுக்குள் மொத்தமாக 730 நாட்கள் இருந்தால் போதும். தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டியதில்லை. அட்டையில் உள்ள திகதிக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பில்லை. வதிவாளராகி 5 ஆண்டுகள் நிறைவடையாதவர்கள், 5 ஆண்டுகள் முடிவதற்குள் 730 நாட்களை எட்ட முடியும் என்று காட்டினால் போதுமானது.

ஒரு நாளின் ஒரு பகுதியை மட்டும் கனடாவில் கழித்தாலும், அது முழு நாளாகவே கணக்கிடப்படும். மார்ச் 3இல் புறப்பட்டு ஏப்ரல் 10இல் திரும்பிய ஒருவர், அந்த இரண்டு நாட்களிலும் கனடாவில் இருந்தவராகவே கருதப்படுவார். அவர் வெளியே இருந்தது மார்ச் 4 முதல் ஏப்ரல் 9 வரையான 37 நாட்கள். பலர் இதை 39 என்று எழுதித் தங்களுக்குத் தாங்களே நட்டம் செய்துகொள்கிறார்கள். பஃபலோவில் ஒரே ஓர் இரவு தங்கி மறுநாள் திரும்பினால், கணக்கில் ஒரு நாளும் குறையாது. ஆயினும் அந்தப் பயணத்தையும் படிவத்தில் எழுதுங்கள். எல்லைச் சேவைகள் முகமை 2019 முதல் தரைவழியாகவும், 2020 முதல் விமானம் மூலமாகவும் நாட்டைவிட்டு வெளியேறுபவர்களின் விபரங்களைப் பெற்றுவருகிறது. நீங்கள் எழுதுவதையும் அந்தப் பதிவையும் அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்க முடியும். மறந்துபோன பயணங்களைப் பழைய பயணச்சீட்டு மின்னஞ்சல்களிலும் வங்கிக் கூற்றுகளிலும் தேடிக் கண்டுபிடித்துவிட்டுப் படிவத்தைத் தொடங்குவதே நல்லது.

கேள்வி: நான் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றவன், குடியுரிமை எடுக்கவில்லை. பின்னர் இலங்கைக் கடவுச்சீட்டைப் பெற்று, யாழ்ப்பாணத்துக்கு இரண்டு தடவை போய்வந்தேன். நாட்கணக்கில் குறைவு எதுவுமில்லை. அட்டையை வழக்கம்போலப் புதுப்பிக்கலாம் அல்லவா?

தயவுசெய்து, குடிவரவுச் சட்டத்தில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரைச் சந்திக்கும்வரை விண்ணப்பத்தை அனுப்பாதீர்கள். இதை வழமையான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2012 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அகதிப் பாதுகாப்புப் பெற்ற ஒருவர் தாமாக விரும்பித் தமது சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடினார் என்று தீர்மானிக்கப்பட்டால், அகதி நிலையுடன் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போய்விடும். சொந்த நாட்டின் கடவுச்சீட்டைப் பெறுவதே அப்படி நாடியதாக ஓர் ஊகத்துக்கு இடமளிக்கிறது. அதே கடவுச்சீட்டில் அந்த நாட்டுக்கே பயணம் செய்தால் அந்த ஊகம் மேலும் வலுப்பெறுகிறது. எத்தனை ஆண்டுகளுக்கு முன்னர் வதிவிட உரிமை பெற்றிருந்தாலும் இதிலிருந்து விலக்கில்லை. நாட்கணக்கில் குறைவுள்ளவர்களுக்குக் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும் வழி இருக்கிறது. இங்கே அதுவும் இல்லை.

புதுப்பித்தல் விண்ணப்பத்தோடு கடவுச்சீட்டின் பிரதியும் பயண விபரங்களும் போகின்றன. பல காலமாக எவரும் கேட்காத பயணங்கள் அதிகாரியின் பார்வைக்கு வருவது அப்போதுதான். அதற்காகப் பயணங்களை மறைத்துவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பொய்யான தகவல் அளித்தல் தனிக் குற்றச்சாட்டாகி, 5 ஆண்டுத் தடைக்கு வழிவகுக்கும்.

உங்கள் தரப்பில் சொல்வதற்கும் விடயங்கள் உண்டு. அந்த ஊகம் மறுக்கப்படக்கூடியது. பயணத்தின் விளைவு என்னவென்பதைப் பயணம் செய்தவர் உண்மையில் அறிந்திருந்தாரா, எதற்காகச் சென்றார், அங்கே தம்மைப் பாதுகாத்துக்கொள்ள என்ன செய்தார், அவர் அஞ்சியது அரசுக்கா வேறு தரப்புக்கா என்பவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருக்கிறது. தாயின் இறுதிக்கிரியைக்காகச் சென்றிருந்தால் மரணச் சான்றிதழ், தங்கிய இடம், தங்கிய நாட்கள் ஆகியவற்றுக்கான ஆதாரங்களை இப்போதே திரட்டிக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்லுங்கள். ஒன்ராறியோவில் வசதி குறைந்தவர்கள் லீகல் எய்ட் ஒன்ராறியோவை அணுகிக் கேட்கலாம்.

இதே நிலையில் இருந்து, இன்னும் பயணம் செய்யாதவர்களுக்கு: கனடா வழங்கும் அகதிகள் பயண ஆவணத்தைப் பயன்படுத்துங்கள். குடியுரிமை பெறும்வரை சொந்த நாட்டுப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கனடியக் குடிமக்கள்மீது இந்தப் பிரிவு பாயாது. கணவரோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து வந்தவர்களுக்கும் இது பொருந்தாது.

கேள்வி: விடுமுறையில் சென்ற இடத்தில் கைப்பை திருட்டுப்போய்விட்டது; அட்டையும் அதில்தான் இருந்தது. இங்கிருந்தபடியே புதிய அட்டை எடுக்கலாமா?

முடியாது; அட்டைக்கு விண்ணப்பிக்கக் கனடாவில் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் நிரந்தர வதிவாளருக்கான பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் 50 டொலர்தான். அமெரிக்காவுக்குள் நுழைய விசா உள்ளவர்கள், அங்கிருந்து தனியார் வாகனத்தில் தரை எல்லைக்கு வந்து, வதிவிட உரிமையை நிறுவும் வேறு ஆவணங்களைக் காட்டியும் உள்நுழையலாம். ஆனால் நாட்கணக்கில் குறைவுள்ளவர்களை எல்லை அதிகாரி அங்கேயே விசாரித்து அறிக்கை எழுதலாம்.

கேள்வி: படம் சரியில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன அளவு?

50க்கு 70 மில்லிமீற்றர். நாடியிலிருந்து உச்சந்தலைவரை 31 முதல் 36 மில்லிமீற்றர். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டுகளுக்கு எடுத்த படங்கள் இந்த அளவில் இரா. தாளில் விண்ணப்பிப்பவர்கள், படம் எடுத்த ஸ்டூடியோவின் பெயர், முகவரி, எடுத்த திகதி ஆகியவை பின்புறத்தில் இருக்கின்றனவா என்று கடையை விட்டு வெளியேறும் முன்னரே புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: அம்மா நிரந்தர வதிவாளர், உடல்நலக் குறைவால் ஊரில் மூன்றரை ஆண்டுகள் தங்கிவிட்டார். கனடியக் குடிமகனான நான் அவருடன் இருந்து பார்த்துக்கொண்டேன். அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கலாமா? இப்போது இருவரும் கனடா திரும்பிவிட்டோம்.

சேர்க்க முடியாது என்று சொல்லவே வருத்தமாக இருக்கிறது. கனடியக் குடிமகனான கணவர், மனைவி, துணைவர் ஆகியோருடன் வெளிநாட்டில் வாழ்ந்த காலம் சேரும். குடியுரிமையுள்ள தாய் தந்தையுடன் பிள்ளை இருந்த காலமும் சேரும். பிள்ளையுடன் தாய் இருந்த காலத்துக்குச் சட்டத்தில் அந்தச் சலுகை இல்லை.

அம்மா இப்போது கனடாவில் இருப்பது பெரிய ஆறுதல். அட்டை காலாவதியானாலும் இங்கே வாழத் தடையில்லை. நாட்டைவிட்டு வெளியேறாமல் இருந்து, பின்னோக்கிய 5 ஆண்டுகளில் 730 நாட்கள் நிறைந்த பின்னர் விண்ணப்பிப்பதே என் பார்வையில் பாதுகாப்பான வழி. குறைவான நாட்களுடன் இப்போதே விண்ணப்பித்தால், மனிதாபிமானக் காரணங்களைக் கருத்தில் கொள்ளும்படி கோரலாம். அதிகாரி ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்து வெளியேற்ற ஆணை பிறப்பித்தால், மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் உண்டு. அது முடிவாகும்வரை அவர் நிரந்தர வதிவாளரே.

எந்த வழியில் சென்றாலும், ஊரில் சிகிச்சையளித்த மருத்துவரிடமிருந்து, நோய் என்ன, எந்தத் திகதியிலிருந்து எதுவரை அவரால் பயணம் செய்ய இயலாதிருந்தது என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடும் கடிதம் ஒன்றை இப்போதே எழுதி வாங்கி, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கேட்கும்போது அந்த மருத்துவர் அதே இடத்தில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.